ஆள் வர்ற வரைக்கும்

வெளிநாட்டுக்குப் போகத் துடிக்கிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. யாங்கோனில், போட்டாதாங் பக்கம், ஆற்றங்கரை ரோட்டில் போய் முட்டுகிற தெரு ஒன்றில் நான்காம் மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. ஏறி வருகிற பிள்ளைகள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை எந்த மொழியும் பேசமாட்டார்கள். பர்மியப் பிள்ளைகள் பாதி, நம் பிள்ளைகள் பாதி. நம் பிள்ளைகளுக்கும் தமிழ் காதோடு சரி. வாயைத் திறந்தால் பர்மியம்தான். எல்லோருக்கும் நான் 'ஸயாமா'. டீச்சரம்மா என்று அர்த்தம்.

ஒற்றை ஒற்றை வார்த்தை என்றால் இந்தப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு சின்ன வார்த்தைகள் கைகோத்துக்கொண்டு இரண்டிலும் இல்லாத ஓர் அர்த்தத்தைச் சொல்லும் வினைகள் இருக்கின்றனவே, அவைதான் என் உயிரை வாங்கும். 'கிவ் அப்', 'லுக் ஆஃப்டர்', 'புட் ஆஃப்' என்று ஒவ்வொன்றுக்கும் கதை சொல்லி, நடித்துக் காட்டி, தொண்டை வற்றவேண்டும். ஒரே ஒரு வினைக்கு மட்டும் அந்தத் தொல்லை இருந்ததில்லை. 'ஸ்டேண்ட் இன்' என்று பலகையில் எழுதிவிட்டு, "கீழே சாக்குக் கடை மாமா" என்பேன். நம் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அவர்களே பக்கத்திலிருக்கும் பர்மியப் பிள்ளைகளுக்கு விளக்கிவிடுவார்கள். வரவேண்டிய ஆள் வரவில்லை, அவருக்குப் பதிலாக இன்னொருவர் நின்று காரியத்தை முடித்துக்கொடுப்பது. நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த மாமாவின் மடியில் வைத்துத்தான் மொட்டையடித்துக் காது குத்தியிருந்தது.

இப்போது அவர் தெருவில் இல்லை. கடையில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. போன வாரம் அந்த வினை வந்தபோது, பந்தாட்டத்தில் மாற்று ஆட்டக்காரர் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சொன்னது தப்பில்லை. ஆனாலும் வகுப்பு முடிகிறவரை எனக்கு மனசே சரியில்லை.

எங்கள் ஊரில் எதற்கு வேண்டுமானாலும் ஆள் கிடைக்கும், தாய்மாமனுக்கு மட்டும் பஞ்சம். தாத்தா காலத்தில் துறைமுக வேலைக்கும் ரயில் வேலைக்கும் வந்து சேர்ந்த சனம் நாங்கள். நடுவில் ஒரு காலத்தில் பாதிப் பேர் கப்பலேறித் திரும்பிப் போனார்கள். மிச்சமிருந்த வீடுகளின் ஆண்பிள்ளைகள் இப்போது பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பாங்காக்கிலும் இருக்கிறார்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து மீசை முளைத்த பையன் எவனும் வீட்டில் தங்குவதில்லை. பெண்கள் இங்கே, கூடப்பிறந்தவர்கள் எங்கேயோ. ஆனால் சடங்கு சம்பிரதாயத்துக்கு இதெல்லாம் தெரியுமா? காது குத்த மாமன் மடி வேண்டும். பெண் பெரியவளானால் மாமன் சேலை வேண்டும். கல்யாணத்துக்கு மாமன் மாலை. அந்தப் பெண்ணே ஒருநாள் செத்துப்போனால், பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து போர்த்தவேண்டும். கோடி என்போம் அதை. கோடி விழாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள்.

இந்த எல்லா இடத்திலும் அவர் நின்றார். தனி ஆள். கடைக்குப் பின்னால் ஒரு மறைப்பு, அதில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. மூட்டை மூட்டையாகப் பழைய சாக்கு வாங்கி, கிழிசல் தைத்து, ஆற்றங்கரைக் கிடங்குகளுக்கு விற்பார். சுவரில் ஆணியடித்து, பிளாஸ்டிக் பையில் ஒரு பட்டுக்கரை வேட்டியும் துண்டும் எப்போதும் இஸ்திரி போட்டுத் தொங்கும். சணல் தூசி படாமல் இருக்கப் பை. ஆனாலும் அவர் மடியில் உட்கார்ந்த பிள்ளைகள் எல்லாம் அன்றைக்கு முழுக்கச் சாக்கு வாசம் அடிக்கும். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அதுக்கென்ன, வர்றேன். ஆள் வர்ற வரைக்கும்தானே."

ஆள் வரவே மாட்டார் என்பது கேட்பவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அப்படியும் அதைச் சொல்லாமல் அவர் எந்தப் பாயிலும் உட்கார்ந்ததில்லை.

என் மகனுக்கும் அவர்தான் உட்கார்ந்தார். என் அண்ணன் வியாசர்பாடியில் இருக்கிறான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது சித்தப்பா வீட்டாரோடு கப்பலேறியவன். போனில் மட்டும் பாசமாக இருப்பான். அந்தக் காதுகுத்துப் போட்டோ என்னிடம் இருக்கிறது. என் மகன் வாயைப் பிளந்து அழுகிறான், ஆசாரியின் விரல் தெரிகிறது, பட்டுக்கரை வேட்டி தெரிகிறது, பிள்ளையின் நெற்றியைத் தாங்கிப் பிடித்த பெரிய உள்ளங்கை தெரிகிறது. முகம் மட்டும் படத்துக்கு வெளியே இருக்கிறது. போட்டோக்காரன் தப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு மற்ற வீட்டுப் படங்களையும் பார்த்தேன், எல்லாவற்றிலும் அப்படித்தான். கேமரா தூக்கினால் கழுத்தைச் சாய்த்துக்கொள்வாராம்.

"ஏண்ணே இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"மூஞ்சி எதுக்குத் தங்கச்சி? நாளைக்கு ஒங்க அண்ணன் வந்தா அவரு மூஞ்சியை வச்சுக்கட்டும்" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மையான ஆள் வந்த கதையும் ஒன்று உண்டு. யாங்கோனின் மேற்குப் பக்கம், க்யிம்யிண்டைங்கில் ஒரு வீட்டுக் காதுகுத்து, நானும் போயிருந்தேன். இவர் மடியில் பிள்ளை, மொட்டை பாதி முடிந்திருக்கிறது. வாசலில் டாக்ஸி வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூரிலிருந்து தாய்மாமன் இறங்குகிறான், சூட்கேஸோடு. வீடே கூச்சல் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிற்று. பாயில் இவரும் பாதி மொட்டைப் பிள்ளையும்தான் மிச்சம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தன் கழுத்து மாலையைக் கழற்றி, வந்தவன் கழுத்தில் போட்டார். பிள்ளையை அவன் மடியில் வைத்து, கை எங்கே பிடிக்கவேண்டும், தலையை எப்படித் தாங்கவேண்டும் என்று குனிந்து சொல்லிக்கொடுத்தார். அப்புறம் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை, கடன் அடைத்தவன் மாதிரி தெளிவாக இருந்தது. சாப்பிட உட்காரச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் அவருக்கு எத்தனையோ தங்கச்சிகள். நானும் ஒருத்தி. ஒரு தடவை நின்றால் போதும், அன்றிலிருந்து நாங்கள் 'அண்ணே', எங்களை அவர் 'தங்கச்சி'. பெயர் மறந்தே போய்விடும். ஒரே ஒருத்தியை மட்டும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. மூன்றாம் மாடிப் பவளம். அவளை 'நீலாம்மா' என்பார். நீலா அவள் மகள். வெகுநாள் கழித்துத்தான் எனக்கு இது உறைத்தது.

பவளத்தின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நல்ல மனிதர், சத்தம் போட்டுச் சிரிப்பார். பவளத்துக்கு ஒரு அண்ணன் பினாங்கில். நீலாவின் காதுகுத்துக்கு வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி, கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டான். பவளத்தின் வீட்டுக்காரரே கீழே இறங்கிப்போய்க் கேட்டார். சாக்குக் கடையில் அன்றைக்கு நான் ஊசி வாங்க நின்றுகொண்டிருந்தேன், கோணி ஊசி. எப்போதும் உடனே வருகிற பதில் அன்றைக்கு வரவில்லை. தைத்துக்கொண்டிருந்த சாக்கை முழுக்கத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்து, மடித்து வைத்த பிறகுதான் சொன்னார்.

"அதுக்கென்ன. ஆள் வர்ற வரைக்கும்தானே."

நீலா பெரியவளானபோது மாமன் சேலையும் தட்டு வரிசையும் அவர் கொண்டுபோனார். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் பவளத்தின் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை முற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. தாலியறுக்கிற பெண்ணுக்கும் பிறந்த வீட்டுக் கோடி வேண்டும். அதையும் அவர்தான் போட்டார். எல்லோரும் வெள்ளைதான் எதிர்பார்த்தோம். அவர் விரித்த சேலை வாழைக்குருத்து நிறத்தில் இருந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"கடையில இதுதாங்க இருந்துச்சு" என்றார்.

இந்த ஊர் மார்க்கெட்டில் வெள்ளைத் துணி இல்லையாம். யாரும் மேலே கேட்கவில்லை, கேட்கிற நேரமா அது. பவளம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சேலை தோளில் விழுந்ததும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள்.

எங்கள் ஊர் மாடி வீடுகளிலிருந்து தெருவுக்குக் கயிறு தொங்கும். கீழ் முனையில் ஒரு கிளிப், மேல் முனையில் ஒரு மணி. பேப்பர்காரரும் ரொட்டிக்காரரும் கிளிப்பில் மாட்டிவிட்டு இழுத்தால் மேலே மணி அடிக்கும், தூக்கிக்கொள்ளலாம். காற்றடித்த மறுநாள் காலையில் எல்லாக் கயிறும் பின்னிக் கிடக்கும். சாக்குக் கடை திறக்கும் முன் அவர்தான் நின்று சிக்கெடுத்துவிடுவார். பவளத்தின் கயிற்றைக் கடைசியில் எடுப்பார். எடுத்து முடித்தும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பார். மணி அடிக்காதபடி பிடித்திருப்பார். நான் மேலே பால்கனியில் துணி உலர்த்தும்போது பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விடுவேன்.

ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய், வகுப்பைப் பாதியில் நிறுத்திப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் படியேறி வந்து வாசலில் நின்றார். சடங்குக்கும் சாவுச் சேதிக்கும் தவிர அவர் மாடிக்கு வந்ததில்லை. யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சி, வகுப்புல என்னைப் பத்தி ஏதோ சொல்றியாமே."

"தப்பா ஒண்ணும் சொல்லலண்ணே. ஒரு வார்த்தைக்கு உதாரணம் சொன்னேன். உள்ள வாங்க."

"என்னா வார்த்தை?"

சொன்னேன். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் விட்டுப்போன பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அதுக்கு என்னா அர்த்தம்? முழுசாச் சொல்லு."

"வாத்தியாரு லீவு போட்டா இன்னொரு வாத்தியாரு வந்து பாடம் நடத்துவாருல்ல? அதான். வரவேண்டியவரு வரல. அவருக்காக இன்னொருத்தரு நின்னு வேலையை முடிக்கிறது."

"முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் என்ன, அவரு பாட்டுக்கு எறங்கிப் போயிருவாரு."

"பழைய ஆளாவா?"

"அவரு எப்பவும் பழைய ஆளுதானேண்ணே. கொஞ்ச நேரம் நின்னாரு, அவ்வளவுதான். ஒட்டிக்கிடாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப இங்கிலீசுல நான் யாருக்கும் அண்ணன் இல்ல" என்றார்.

 அவர் சொன்னது சரிதான். அந்த வினையின் உபயோகமே அதுதான். நிற்கிறவர் வேறு, இடத்துக்கு உடையவர் வேறு. வேலை முடிந்தால் கணக்கும் முடிந்தது. நாம் இதைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? 'தாய்மாமன் ஸ்தானத்தில் நின்று செய்துவைத்தார்' என்கிறோம். சொல்லிவிட்டு அந்த ஆளை ஸ்தானத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். ஒருநாள் மடி கொடுத்தவர் செத்தாலும் மாமன்தான். எங்களுக்கு அது மரியாதையாகத்தான் பட்டது. அதிலிருந்து ஒருவருக்கு இறங்கவேண்டியிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

"பவளத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றியா?" என்றார்.

முதல் தடவையாக அவர் வாயில் அந்தப் பெயரைக் கேட்டேன். சாக்கு தைக்கிற கை, முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மெதுவாக, முன்னும் பின்னுமாக, எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு பேரும் க்யிம்யிண்டைங்கில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். பெண் கேட்க நினைத்த வருஷம் இவருடைய அம்மா படுத்த படுக்கை. அந்தச் சமயத்தில் எப்படிக் கேட்பது என்று தள்ளிப்போட்டார். அம்மா போய், தீட்டுக் கழியும் முன் பவளத்தை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் குடிவந்த கட்டடத்திலேயே இவர் கடை பிடித்தது தற்செயலா என்று நான் கேட்கவில்லை.

"பின்ன எதுக்குண்ணே நீலா காதுகுத்துக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"எல்லா வீட்டுக்கும் நிக்கிறவன் அந்த வீட்டுக்கு மட்டும் முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்க தங்கச்சி. ஏன்னு கேட்டா மூஞ்சி சொல்லிரும். அவ நல்லா இருந்தா. அந்த மனுசனும் நல்லவரு. ஒரு பாய்ல ஒரு மணி நேரம் ஒக்கார்றதுதானேன்னு நெனச்சேன். இப்பிடி ஆவும்னு யாருக்குத் தெரியும்?"

அந்த நேரம் கரண்ட் வந்தது. கீழே தெருப்பிள்ளைகள் வழக்கம்போல "மீ லாப்பி!" என்று கத்தினார்கள், கரண்ட் வந்தாச்சு என்று அர்த்தம். வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாளே பவளத்திடம் போனேன். அவள் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவள் திடுக்கிடவில்லை. புடைத்த பயற்றையே மறுபடி புடைத்தாள்.

"கோடி போட்ட கையாலயே தாலி கட்டச் சொல்றியா?"

"அவரு ஒனக்கு அண்ணன் இல்லடி."

"அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீலாவைப் பாக்க வந்தாங்களே, அவங்க மொதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? தாய்மாமன் யாருன்னு. இவரைக் கூப்ட்டுக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டாங்க. நாளைக்கு அவரே அப்பாங்குற மொறைன்னு எந்த வாயால சொல்வேன்? அம்மா அண்ணனையே கட்டிக்கிட்டான்னு எம்பொண்ணு காலத்துக்கும் கேக்கணுமா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். 

"நான் வேண்டாம்னு சொல்லல ஸயாமா. முடியாதுன்னு சொல்றேன். அப்படியே போய்ச் சொல்லு."

நான் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு கூப்பிட்டாள். "அன்னிக்கு அவரு போட்ட சேலையை நான் இன்னும் கட்டல. பெட்டியில அப்படியே இருக்கு. நான் போறப்ப அதைத்தான் கட்டிவிடணும். நீ பாத்துக்க."

சேலை விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. அது அவள் என்னிடம் கொடுத்துவைத்தது. மற்றதை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி. நீலா கல்யாணத்துக்கு மாமன் மாலை நானே எடுத்துர்றேன்னு சொல்லிடு" என்றார். சொன்னபடியே நல்ல மாலையாக எடுத்தார். அந்தக் கல்யாண வீடியோவில் கூட அவர் கைதான் வருகிறது.

நீலா புருஷனோடு பினாங்கு போய்விட்டாள். மூன்றாம் மாடியில் பவளம் தனி, கீழே அவர் தனி. நடுவில் செங்குத்தான மாடிப்படி. ஊரில் எல்லோருக்கும் அண்ணன் தங்கை என்று தெரிந்திருந்ததால் அவர் தீபாவளிக்கும் பொங்கலுக்குமாவது மேலே போகலாம். கரும்பும் புதுப்பானையும் சீராகக் கொண்டுபோவார். கதவு திறந்தே இருக்கும். வாசலை ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கொடுக்கிற டீயை ஆற ஆறக் குடிப்பார். ஒரு பொங்கலன்று நான் படியில் எதிரே வந்தேன்.

"எப்படியிருக்கா நீலாம்மா?" என்றேன், சும்மா.

"இருக்கா. அண்ணனா இருக்கப் போயித்தான் இந்தப் படியாச்சும் ஏற முடியுது தங்கச்சி" என்றார். சிரித்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஊர் மேலும் வந்தது. ஆனால் ஊர் என்றால் யார்? நானும்தான். என் மகனுக்கு அவரைத் தவிர வேறு மாமன் கிடையாது.

பிற வீடுகளுக்கு நிற்பதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்வதை விட்டுவிட்டார். யார் கூப்பிட்டாலும் "வர்றேன்" என்பதோடு சரி. கவனித்தவர்கள் அதிகம் இல்லை.

பவளம் போனது ஒரு ஆடி மழையில். இதயம் கொஞ்ச நாளாகவே சரியில்லை. காலையில் கதவு திறக்கவில்லை என்று நான்தான் முதலில் தட்டினேன். பினாங்கிலிருந்து நீலாவாலும் வரமுடியவில்லை, பவளத்தின் அண்ணனாலும் வரமுடியவில்லை, டிக்கெட் கிடைத்தாலும் திரும்பிப்போக விடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிற காலம். கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்தோம். அதற்குள்ளிருந்து அழுதாள். குளிப்பாட்டிய பெண்கள் சேலை கேட்டார்கள். நான் பெட்டியைத் திறந்து வாழைக்குருத்துச் சேலையை எடுத்தேன். மடிப்புக் கோடு அப்படியே இருந்தது. என் கையாலேயே கட்டிவிட்டேன். தூங்குகிறவளுக்குக் கட்டிவிடுவது போல இருந்தது, அவ்வளவு அமைதியாக இருந்தாள்.

மத்தியானம் தூக்குகிற நேரம். காரியங்களை முன்னின்று நடத்துகிற கோயில் கமிட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா? மாமாவைக் கூப்பிடுங்க."

அவர் படியேறி வந்தார். பட்டுக்கரை வேட்டி இல்லை. கடையில் கட்டுகிற கைலி, சணல் ஒட்டிய சட்டை. இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சேலையைப் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"என்னப்பா, கோடி எங்க?"

"நான் கொண்டாரலீங்க."

"கொண்டாரலையா? மழையில கடை தொறக்கலையா?"

"கடையெல்லாம் தொறந்துதான் இருக்கு."

"அண்ணன் கோடி போடாம எப்படிப்பா தூக்குறது?"

"நான் அண்ணன் இல்லீங்க."

அறையில் அழுதுகொண்டிருந்த பெண்கள் கூட நிறுத்திவிட்டார்கள். கைப்பேசியில் நீலாவின் முகம் அசையாமல் இருந்தது.  கமிட்டிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காதுகுத்துக்கு நீ, சடங்குக்கு நீ, கல்யாணத்துக்கு நீ. இப்ப வந்து அண்ணன் இல்லைங்குற. பின்ன நீ யாரு இந்தம்மாவுக்கு?"

அவர் பவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பதிலையும் அவரால் சொல்லியிருக்க முடியும். ஊரே கூடியிருந்தது. இனி யாருக்கும் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. நான் காத்திருந்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

சொல்லிவிட்டு நகர்ந்துபோய், மாடிப்படித் தலைப்பில், பக்கத்துக் கட்டடத்துக்காரர்களும் ரொட்டிக்காரரும் நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டார். அங்கே நின்றபடி அழ ஆரம்பித்தார். எத்தனையோ வீட்டுச் சாவில் அண்ணனாக நின்றவர். ஒரு இடத்திலும் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. இப்போது பிள்ளை மாதிரி, துடைக்காமல், சத்தமாக அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் சங்கடப்பட்டு விலகி இடம் விட்டார்கள்.

நேரமாகிறது என்று கமிட்டிக்காரர் மறுபடி சொன்னார். நான் மேலே ஓடி, அலமாரியில் இருந்த ஒரு புதுச்சேலையை எடுத்துக்கொண்டு வந்தேன். "நான் பொறந்த வீடா நிக்கிறேன்" என்றேன். பெண் கோடி போடுவதா என்று யாரோ இழுத்தார்கள். வேறு ஆள் இல்லை, ஒத்துக்கொண்டார்கள்.

அண்ணன் தம்பி அழுதால் பங்காளிகள் வந்து பிடிப்பார்கள். புருஷன் அழுதால் மாமனார் வீட்டார் பிடிப்பார்கள். எங்கள் சாவு வீடுகளில் அழுகிறவனைத் தனியாக விட்டதே கிடையாது. யாராவது போய் அவரைப் பிடித்துக்கொள்ளுங்களேன் என்று எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. நான் போயிருக்கலாம், அவருடைய தங்கைதானே. ஆனால் நான் அந்த நேரம் பவளத்தின் அண்ணனாக நின்றுகொண்டிருந்தேன், கையில் சேலை விரிந்திருந்தது. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரைப் பிடித்துக்கொள்ள யாருக்கும் முறை இல்லை.